யாஷிகா மேட் 124ஜி: எழுத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், ஷட்டரைக் காதுகொடுத்துக் கேளுங்கள்

பழைய கேமராக்களின் அருங்காட்சியகத்தில் இரட்டை லென்ஸ் கேமரா அலமாரிக்கு முன் நின்றால், நடுவில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் ரோலைஃபிளெக்ஸ்தான். அந்த மரியாதை நியாயமானது. ஜெர்மனியின் பிரான்ஷ்வைக் நகரில் ஃபிராங்கே, ஹைடெக்கே என்ற இருவரின் நிறுவனம் 1929இல் அதை வெளியிட்ட பிறகுதான் இந்தப் பெட்டி வடிவம் உலகமெங்கும் பரவியது. அதே அலமாரியின் ஓரத்தில், பந்தியில் கடைசியாக இடம் கிடைத்த உறவினர் போல ஒரு கருப்புப் பெட்டி இருக்கும். அதுதான் யாஷிகா மேட் 124ஜி. 1970இல் வந்தது, 1986 வரை தயாரிப்பில் இருந்தது. யாஷிகா செய்த கடைசி இரட்டை லென்ஸ் கேமரா இதுவே. கண்ணாடிக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே, இன்னும் ஃபிலிம் சுற்றுகிறவர்களின் கழுத்தில் தொங்குவதுதான் இதற்குப் பொருத்தம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். லென்ஸ் அருமை. ஷட்டர், சுத்தமாக இருந்தால், நம்பகமானது. ஃபிலிம் சுற்றும் பொறி கொஞ்சம் நோஞ்சான் உடம்பு, முரட்டுக் கை தாங்காது. உள்ளே இருக்கும் ஒளி மீட்டரைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், பெயரின் கடைசியில் நிற்கும் ‘ஜி’ அந்த மீட்டரைத்தான் குறிக்கிறது. மீட்டரின் மின்தொடர்புகளில் தங்கப்பூச்சு இருக்கிறது என்பதற்கான எழுத்து அது. 1968இல் வந்த முந்தைய 124 மாடலிலும் லென்ஸ் இதுதான், ஷட்டர் இதுதான், ஃபிலிம் பாதையும் இதுதான். வெளித்தோற்றம் மட்டும் கொஞ்சம் வேறு. இருந்தும் ‘ஜி’ என்று போட்டிருந்தால் விற்பவர் குரல் ஒரு படி உயரும். ஒரே நிலையில் இரண்டும் எதிரே இருந்தால் ‘ஜி’ இல்லாததை எடுங்கள். மிச்சமாகும் பணம் சர்வீஸுக்கு ஆகும். அது எப்படியும் தேவைப்படும்.

படம் எடுப்பது கீழே உள்ள லென்ஸ்: யாஷினான் 80 மி.மீ., எஃப் 3.5. எஃப் என்பது துளையின் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது. பார்ப்பதற்கு மேலே உள்ளது 80 மி.மீ., எஃப் 2.8. மேல் லென்ஸ் அகலமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மேலிருந்து குனிந்து பார்க்கும் திரையில் வெளிச்சம் கூடுகிறது. அதோடு, திரையில் தெரியும் கூர்மையின் ஆழம் படத்தில் விழுவதைவிடக் குறைவாக இருப்பதால், ஃபோகஸில் சின்னத் தவறு நேர்ந்தாலும் கீழ் லென்ஸ் அதைப் பொறுத்துக்கொள்ளும். யாஷினான் மூன்று தொகுதிகளில் நான்கு கண்ணாடிகள் கொண்டது. 1902இல் ட்ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் வடிவமைத்த டெஸ்ஸாரின் வம்சம். அந்த வம்சத்தின் குணம் அப்படியே இதிலும் இருக்கிறது. எஃப் 3.5இல் நடுப்பகுதி கூர்மை, மூலைகள் இளக்கம். எஃப் 5.6இல் மூலைகள் எழுந்து நிற்கும். எஃப் 8க்கும் 11க்கும் இடையில் சட்டம் முழுக்கக் கத்திமுனை. எஃப் 32 வரை எண் போட்டிருக்கிறது என்பதற்காக அங்கே போகாதீர்கள். 22 தாண்டினால் துளை சிறுத்து, ஒளியே விலகிப் பரவி, மொத்தப் படமும் மழுங்கும்.

படச் சட்டம் பெயரளவில் 6×6 செ.மீ., உண்மையில் 56 மி.மீ. சதுரம். 80 மி.மீ. லென்ஸ் இதில் காட்டும் கோணம், 35 மி.மீ. கேமராவில் சுமார் 44 மி.மீ. லென்ஸ் காட்டுவதற்குச் சமம். சாதாரணப் பார்வை, அவ்வளவுதான். லென்ஸை மாற்ற முடியாது. மாற்றியே ஆகவேண்டும் என்பவர்கள் மாமியா சி330 பக்கம் போகட்டும், தோள் வலிக்குத் தயாராக. யாஷிகா சுமார் 1.1 கிலோதான். நாள் முழுக்கக் கழுத்தில் கிடந்தாலும் உறுத்தாது.

சாய்வாக வெயில் விழும்போது இந்த லென்ஸ் தடுமாறும். கறுப்பு சாம்பலாகும். ஆகவே லென்ஸ் ஹூட் அவசியம். முன்பக்கம் ‘பே 1’ எனப்படும் சிறிய பேயனெட் வளையம். சாதாரணத் திருகு ஃபில்டர் நேரடியாக ஏறாது, அடாப்டர் வேண்டும். மிக அருகில் ஃபோகஸ் ஆகும் தூரம் சுமார் ஒரு மீட்டர். அதற்குள் போக குளோஸப் லென்ஸ் ஜோடி உண்டு. ஒன்று மேலே, ஒன்று கீழே. ஜோடியில் ஒன்று தொலைந்ததை வாங்காதீர்கள், பயனில்லை. குளோஸப் லென்ஸ் இல்லாமலே ஒரு மீட்டரில் எடுக்கும்போதும் பார்வைப் பிழை வரும். நீங்கள் பார்ப்பது மேல் லென்ஸின் பார்வை, ஃபிலிமில் விழுவது கீழ் லென்ஸின் பார்வை. தலை வெட்டுப்படும். ட்ரைபாடில் இருந்தால் தீர்வு எளிது. இரண்டு லென்ஸ் மையங்களுக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். திரையில் சட்டகத்தை முடிவு செய்தபின், ட்ரைபாடின் நடுத்தண்டை அதே அளவு உயர்த்திவிட்டு அழுத்துங்கள்.

இனி ஷட்டர். வாங்குவதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது இதுதான். உள்ளே இருப்பது கோப்பல் எஸ்வி, இலை ஷட்டர். 1 நொடியிலிருந்து 1/500 வரையும், அழுத்திப் பிடிக்கும் வரை திறந்தே இருக்கும் பி நிலையும். லென்ஸுக்கு உள்ளேயே இருப்பதால் எல்லா வேகத்திலும் ஃபிளாஷ் ஒத்துப்போகும். கண்ணாடி மேலெழுந்து தட்டும் அதிர்ச்சி கிடையாது. கழுத்துப் பட்டையை இழுத்துப் பிடித்து மூச்சை அடக்கினால் 1/30இலும் கையில் வைத்தே தெளிவாக எடுக்கலாம்.

பரிசோதனையை 1/125இல் செய்துவிட்டு “ஷட்டர் நல்லா இருக்கு” என்பவரை நம்பாதீர்கள். மெதுவான வேகங்களுக்கு மட்டும் ஒரு பல்சக்கரத் தொடர் குறுக்கே வந்து இலைகள் மூடுவதைத் தாமதப்படுத்துகிறது. பல ஆண்டு பயன்படுத்தாமல் கிடந்த கேமராவில் எண்ணெய் இறுகிப் பிசினாவது அங்கேதான். ஆகவே 1 நொடியிலிருந்து தொடங்குங்கள். பின்மூடியை மூடி, எண்காட்டி 1க்கு வரும் வரை சுற்றி, அழுத்துங்கள். ‘ஸ்ர்ர்ர்ர்’ என்று சீரான இழை போல ஒலி ஓடி ‘டிக்’ என்று முடிய வேண்டும். நடுவில் திக்கினால், இழுத்தால், பாதியில் நின்று யோசித்தால் சர்வீஸ் தேவை. பிறகு 1/2, 1/4, 1/8 என ஒவ்வொன்றும் முந்தையதில் பாதியாகக் கேட்க வேண்டும்.

காதை நம்பாதவர்கள் கைபேசியில் ஒலிப்பதிவு செய்து, அலைவடிவத்தில் திறக்கும் சத்தத்துக்கும் மூடும் சத்தத்துக்கும் இடைவெளியை அளக்கலாம். 1 நொடி என்பது 1.25 ஆக நீண்டிருந்தால் மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரட்டிப்பு வெளிச்சம்) வித்தியாசம்தான். நெகட்டிவ் ஃபிலிமுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 2 நொடி என்றால் ஒரு முழு ஸ்டாப். ஸ்லைடு ஃபிலிம் கெட்டது. 1/250, 1/500 இரண்டையும் இந்த முறையில் சரியாக அளக்க முடியாது. அவற்றுக்கு ஒளி உணரி வைத்த சோதனைக் கருவி வேண்டும்.

திக்கும் ஷட்டருக்கு லைட்டர் பெட்ரோல் விட்டால் உடனே ஓடும். விற்பவர் அப்படி ஓடவிட்டுக் காட்டியிருக்கலாம் என்பதையும் மனதில் வையுங்கள். கரைந்த பிசின் எங்கும் போய்விடாது. இலைகளின் மேல் படர்ந்து, பெட்ரோல் ஆவியானதும் மறுபடி ஒட்டும், சில வாரங்களில் பழைய கதை. முன்புறத்தைக் கழற்றி, பொறியைத் தனியே சுத்தம் செய்து, தேவையான முனைகளில் மட்டும் மிகச் சிறிதளவு எண்ணெய் இடுவதுதான் வைத்தியம். இலைகளுக்கு எண்ணெய் ஆகவே ஆகாது.

1/500 வேண்டுமானால் சுற்றுவதற்கு முன்பே அந்த வேகத்தை வைத்துவிடுவது நல்ல பழக்கம். இழுவை ஏறிய ஷட்டரில் கடைசி எண்ணுக்குத் தள்ளும்போது சக்கரம் முரண்டு பிடிக்கும். பிடிவாதமாகத் தள்ளினால் உள்ளே ஏதாவது வளையும்.

லென்ஸ் பக்கத்தில் எம், எக்ஸ், வி என்று மூன்று நிலை கொண்ட சிறிய நெம்புகோல் உண்டு. அதை எக்ஸில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். எம் என்பது பழைய ஃபிளாஷ் பல்புகளுக்கு. பல்பு எரிந்து உச்சம் தொடும் வரை ஷட்டரைக் காக்கவைக்கும். எலக்ட்ரானிக் ஃபிளாஷ் அந்தக் காத்திருப்புக்குள் மின்னி அணைந்துவிடும், படம் கருப்பாக வரும். “ஃபிளாஷ் அடிச்சுது, படம் வரல” என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இந்த நெம்புகோல்தான். வி என்பது தானியங்கிக் காலதாமதம். பல ஆண்டு தொடாத அந்தப் பொறி பாதி வழியில் நின்றுவிட்டால் ஷட்டரையும் சேர்த்துக் கட்டிப்போடும். சோதித்துப் பார்க்கிறேன் என்றுகூட வி பக்கம் போகாதீர்கள். விற்பவர் போனால் தடுங்கள்.

கண்ணாடிகளைப் பார்க்க: பின்மூடியைத் திறந்து, பி நிலையில் அழுத்திப் பிடித்து, துளையை முழுதாகத் திறந்து, டார்ச்சைச் சாய்வாக அடியுங்கள். சிலந்தி நூல் போல் கிளைத்தால் ஃபங்கஸ். பால் ஆடை போல் மங்கினால் உள்பக்கப் படலம், பெரும்பாலும் துடைத்தால் போகும். விளிம்பில் வானவில் வளையம் தெரிந்தால் பின்புறம் ஒட்டப்பட்ட இரு கண்ணாடிகளுக்கு இடையிலான பசை பிரிகிறது. அது மலிவாகச் சரியாகாது. நாலைந்து தூசியும் ஒன்றிரண்டு மெல்லிய கீறலும் படத்தில் தெரியவே தெரியாது. அதற்காக நல்ல கேமராவைத் தவறவிட வேண்டாம். மேல் லென்ஸில் ஃபங்கஸ் இருந்தால் படத்துக்குக் கேடில்லை, ஆனால் அது இருந்த அதே இடத்தில்தான் கீழ் லென்ஸும் இருந்தது.

திரை மங்கலாக இருக்கிறதா? சந்தேகப்பட வேண்டியது திரையை அல்ல, அடியில் இருக்கும் கண்ணாடியை. சாதாரண முகக்கண்ணாடி போல் அல்லாமல் இதன் வெள்ளிப்பூச்சு முன்பக்கத்தில் இருக்கிறது. ஈரத்தில் அது கருகும், துடைத்தால் உரியும். மேல்மூடியின் மூலைகளில் இருக்கும் நான்கு சிறு திருகுகளைக் கழற்றினால் மூடி வெளியே வரும், கண்ணாடியை நேரே பார்க்கலாம். ரப்பர் பல்பால் காற்று ஊதுவதோடு நில்லுங்கள். பூச்சு போயிருந்தால் அதே அளவில் முன்பூச்சுக் கண்ணாடி வெட்டி மாற்ற வேண்டும். தடிமனும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபோகஸ் கெடும். பளிச்சென்ற புதுத் திரை மாற்றுகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. திரை அரை மில்லிமீட்டர் உயர்ந்தாலும் திரையில் கூர்மை, ஃபிலிமில் மங்கல்.

இரண்டு லென்ஸும் ஒரே பேச்சு பேசுகின்றனவா என்று பார்க்கப் பின்மூடியைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளங்களின் மேல் மங்கல் கண்ணாடித் துண்டு ஒன்றை, சொரசொரப்பான பக்கம் லென்ஸைப் பார்க்கும்படி வையுங்கள். பி நிலையில் ஷட்டரைத் திறந்து நிறுத்த, பூட்டு உள்ள கேபிள் ரிலீஸ் உதவும். தொலைவில் உள்ள ஒரு கோபுரத்தையோ கம்பத்தையோ மேல் திரையில் கூர்மையாக்கி, கீழே உருப்பெருக்கியால் பாருங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் கூர்மை வர வேண்டும். பிறகு இரண்டு மீட்டரில் ஒரு செய்தித்தாளை வைத்து மறுபடியும்.

ஃபிலிம் 120. 1901இல் கோடாக் தன் பிரவுனி கேமராவுக்காகக் கொண்டுவந்த அதே அளவு. இன்றும் பல கம்பெனிகள் தயாரிக்கின்றன, ஆகவே கவலையில்லை. ஒரு ரோலில் 12 படம். பின்மூடிக்குள் இருக்கும் அழுத்துத் தகடு நகரக்கூடியது, 120க்கு ஒரு நிலை, 24 படம் தரும் 220க்கு வேறு நிலை. 220 ஃபிலிம் இப்போது வழக்கமாகக் கிடைப்பதில்லை. ஆனால் முந்தைய உரிமையாளர் விளையாட்டாகத் தகட்டை நகர்த்தி வைத்திருக்கலாம். அப்படியே 120ஐப் போட்டால் 12 முடிந்தும் எண் ஓடும். 220இல் பின்தாள் கிடையாது என்பதால் அதற்கான இடைவெளியும் வேறு. ஃபிலிம் போடும் ஒவ்வொரு முறையும் தகட்டைக் கண்ணால் பாருங்கள்.

போடும் முறை: அடியில் உள்ள பூட்டைத் திருப்பிப் பின்மூடியைத் திறங்கள். வெற்று ஸ்பூல் மேல் அறையில், புது ரோல் கீழ் அறையில். பக்கவாட்டுக் குமிழ்களை வெளியே இழுத்தால் ஸ்பூல் உட்காரும். தாளின் நாக்கை மேல் ஸ்பூலின் பிளவில் நேராகச் செருகுங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் தாள் விளிம்பேறிக் கசங்கும். கீழ் ரோலின் மேல் கட்டைவிரலை மெதுவாக வைத்து, இழுவை கொடுத்துக்கொண்டே சுற்றுங்கள். அம்புக்குறி கேமராவின் தொடக்கக் குறிக்கு நேரே வந்ததும் நிறுத்தி, மூடி, கிராங்க் எனப்படும் சுற்றுக் கைப்பிடி தானாக நிற்கும் வரை சுற்றினால் எண்காட்டியில் 1. கட்டைவிரல் இழுவையை அலட்சியம் செய்தால் ரோல் தளர்ந்து பருத்துச் சுற்றும், எடுத்து வெளியே வைக்கும்போது விளிம்பில் வெளிச்சம் ஏறும். 1937இன் ரோலைஃபிளெக்ஸ் ஆட்டோமாட் ஃபிலிமின் தொடக்கத்தைத் தடிமனை வைத்துத் தானே கண்டுபிடிக்கும். யாஷிகாவில் அந்த வசதி இல்லை. அம்புக்குறியைக் கோட்டைவிட்டால் முதல் படமோ கடைசிப் படமோ போகும்.

ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் கிராங்க்கை முன்னே நிற்கும் வரை சுற்றி, பின்னே நிற்கும் வரை திருப்ப வேண்டும். பாதியில் விட்டுவிட்டு அழுத்தினால் ஒன்றும் நடக்காது. “லாக் ஆயிடுச்சு” என்று வரும் கேமராக்களில் சில இப்படிப் பாதிச் சுற்றில் நிற்பவைதான். இன்னும் சில, ஷட்டர் பொத்தானைச் சுற்றியுள்ள பூட்டு வளையம் திரும்பியிருப்பவை. இரண்டும் இல்லாமல் கிராங்க் முரண்டினால் பலம் காட்டாதீர்கள். இதன் பல்சக்கரங்கள் பலப்பரீட்சைக்கு ஆனவை அல்ல.

இந்த வகைக் கேமராவில் கீழ் அறையிலிருந்து வரும் ஃபிலிம் ஒரு உருளையின் மேல் செங்குத்தாக மடங்கித்தான் படச் சட்டத்துக்கு ஏறுகிறது. ஒரு ரோலைப் பாதியில் வாரக்கணக்கில் விட்டால் மடிந்த இடம் நினைவு வைத்துக்கொள்ளும். அடுத்த படத்தில் ஃபிலிம் தட்டையாக நில்லாமல் லேசாகப் புடைத்து, ஒரு பட்டை மட்டும் மங்கலாக வரும். லென்ஸைத் திட்டி ஆவதில்லை. அதனால் படம் எடுத்த கையோடு சுற்றாமல், அடுத்த படத்துக்குச் சற்று முன்பு சுற்றுங்கள். ஷட்டர் ஸ்பிரிங்கும் இழுவையில் கிடக்காது. மினோல்டா ஆட்டோகார்டில் ஃபிலிம் மேலிருந்து கீழே நேராக இறங்குவதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் அதன் ஃபோகஸ் நெம்புகோல் உடைவதில் பேர்போனது. எல்லாக் கேமராவுக்கும் ஒரு வாதை உண்டு.

மீட்டர் விஷயத்துக்கு நீளமாகப் பேச ஒன்றுமில்லை. மேல்மூடியைத் திறந்தால் இயங்கும் சிடிஎஸ் ஒளியுணரி வகை, இரண்டு முட்களைப் பொருத்திப் பார்ப்பது. ஃபிலிமின் ஒளியுணர்வைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண் 25 முதல் 400 வரை மட்டுமே. இது எதிர்பார்ப்பது 1.35 வோல்ட் பாதரச பேட்டரி. பாதரசம் தடைசெய்யப்பட்டுவிட்டது. அதே அளவில் கிடைக்கும் ஆல்கலைன் 1.5 வோல்ட், தேயத் தேய வோல்ட்டும் இறங்கும். மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிச் சொல்லும், படம் இருண்டு வரும். காது கேட்கும் கருவிக்கான 675 எண் ஜிங்க்-ஏர் பேட்டரி 1.4 வோல்ட், சீராக இருக்கும். அளவில் சிறியது என்பதால் சுற்றி ஒரு ரப்பர் வளையம் வேண்டும். ஒட்டுத்தாளை உரித்த பிறகு வாரக்கணக்கில்தான் ஆயுள். இவ்வளவு பாடுபட்டும் அந்தப் பழைய உணரி சரியாகக் காட்டும் என்று உறுதியில்லை. கைபேசிச் செயலியோ தனி மீட்டரோ போதும். பளிச்சென்ற வெயிலில் அதுவும் வேண்டாம்: ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமுக்கு எஃப் 16, 1/125. பேட்டரி அறையை மட்டும் திறந்து பாருங்கள். பச்சை பூத்திருந்தால் பேரத்துக்கு ஆகும், வாங்குவதற்குத் தடையல்ல.

பின்மூடியின் ஸ்பாஞ்ச் தார் போல் உருகியிருப்பது இந்த வயதில் சகஜம். மரக்குச்சியும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலும் கொண்டு வழித்தெடுத்து, புதிய ஸ்பாஞ்ச் பட்டை ஒட்டினால் அரை நாள் வேலை. உலோகக் கத்தி வேண்டாம், துகள் ஷட்டருக்குள் விழும்.

பயன்படுத்தும்போது முதல் சில நாள் தலை சுற்றும். திரையில் இடமும் வலமும் மாறித் தெரியும், ஓடுகிறவரைப் பின்தொடர்ந்தால் எதிர்ப்பக்கம் போவீர்கள். அதற்கு மேல்மூடியின் முன்பலகையை உள்ளே மடக்கி, சதுர ஓட்டை வழியாக நேரே பார்க்கும் வழி இருக்கிறது. ஆள் படத்தில் இன்னொரு கவனம்: இடுப்பு உயரத்திலிருந்து எடுத்தால் நின்றவரின் மூக்குத் துவாரம்தான் முதலில் தெரியும். அவரை உட்காரவையுங்கள், அல்லது கேமராவை நெஞ்சுக்கு உயர்த்தி உருப்பெருக்கியைக் கண்ணில் ஒட்டுங்கள்.

வாங்கியதும் முதல் ரோலைக் கறுப்பு வெள்ளையில், கல்யாணத்துக்கு அல்லாமல் சோதனைக்கென்றே எடுங்கள். 1 நொடி முதல் 1/500 வரை பத்து வேகங்கள் இருக்கின்றன, ரோலில் 12 படம். ட்ரைபாடில் வைத்து, 1/500இல் எஃப் 3.5, 1/250இல் எஃப் 5 அளவு என்று ஒவ்வொரு படியிலும் துளையைச் சமமாகக் குறைத்துக்கொண்டே எஃப் 32 வரை ஒரே சுவரை எடுத்தால், ஆறேழு வேகங்களுக்கு நெகட்டிவ் அடர்த்தி ஒன்றாக வர வேண்டும். மாறும் இடத்தில் ஷட்டர் பொய் சொல்கிறது. மிச்சப் படங்களை எஃப் 3.5இல் ஒரு மீட்டரிலும் தொலைவிலும் எடுத்து ஃபோகஸைப் பாருங்கள். கழுவிய ஃபிலிமை வெட்டாமல் முழு நீளத்துக்கும் வெளிச்சத்தில் பிடியுங்கள். சட்டங்களுக்கு இடையிலான இடைவெளி சில மில்லிமீட்டர், ஏறக்குறையச் சீராக இருந்தால் நல்ல கேமரா. போகப் போகக் குறுகி ஒன்றின் மேல் ஒன்று ஏறினால், தளர்வாகப் போட்டீர்களா என்று இன்னொரு ரோலில் சரிபாருங்கள். அதிலும் ஏறினால் சுற்றும் பொறி தேய்ந்திருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.